ஒரகடத்துல மழை... ரேடியோவுல கத்திப்பாரா டிராஃபிக்! லோக்கல் நிகழ்ச்சி நமக்கு ஏன் எட்டுறதில்லை?

செகண்ட் ஷிஃப்ட்டுக்கு கம்பெனி பஸ்ல ஏறி உட்கார்ந்திருக்கீங்க. டிரைவர் அண்ணன் எஃப்.எம். போட்டிருக்கார். கத்திப்பாராவுல டிராஃபிக், அண்ணா சாலையில மெதுவா போங்கன்னு ஆர்.ஜே. உற்சாகமா சொல்லிட்டிருக்காங்க. பஸ் நிக்கிறதோ ஒரகடம் ஜங்ஷன்ல, ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி. வெளியே மழை கொட்டுது. வல்லக்கோட்டை ரோட்ல தண்ணி நிக்குதா, சுங்குவார்சத்திரம் பக்கம் கரன்ட் இருக்கா, நைட் ஷிஃப்ட் உண்டா இல்லையா? இதையெல்லாம் சொல்ல ரேடியோவுல ஆள் இல்லை. வாட்ஸ்அப் குரூப்லதான் தேடணும். அங்கே வர்றதுல எது உண்மை, எது போன வருஷத்து வீடியோன்னு கண்டுபிடிக்கிறது உங்க பாடு.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம்... கார், பைக், டயர், லாரி, டி.வி., போன்னு எல்லாம் தயாராகிற ஏரியா இது. தமிழ்நாட்டோட எல்லா மாவட்டத்திலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம்ல இருந்தும் வந்தவங்க இங்கே பக்கத்துப் பக்கத்து ரூம்ல தங்கியிருக்காங்க. கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் உண்டு. ஆனா எஃப்.எம்.மைத் திருப்பினா கேட்கிறது பெரும்பாலும் சென்னை நிலையங்கள். டி.வி.யைப் போட்டா மாநிலம் முழுக்கப் பார்க்கிற அதே சீரியல், அதே விவாதம். இது ஏன் இப்படி, மாத்த வழி இருக்கா? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ரேடியோ ஆரம்பிச்சதே லோக்கலாத்தான்

இந்தியாவில ரேடியோ டெல்லியில் இருந்து இறங்கி வந்த சமாச்சாரம்னு நினைச்சா, அது தப்பு. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் ஜூலை 31-ல் ஒலிபரப்பு தொடங்குச்சு. சந்தா கட்டும் உறுப்பினர்களை நம்பி ஓடிய கிளப், பணமில்லாமல் 1927-ல் நின்னுபோச்சு. அதன் பிறகு 1930-ல் மெட்ராஸ் மாநகராட்சியே ரேடியோ நடத்த ஆரம்பிச்சது. ஆமாம், குப்பை அள்ளுற அதே கார்ப்பரேஷன்தான்! 1938 ஜூன் 16-ல் ஆல் இந்தியா ரேடியோவின் மெட்ராஸ் நிலையம் வர்ற வரைக்கும் அது ஓடுச்சு. அடுத்த வருஷமே திருச்சியில் நிலையம் வந்தது. 1977-ல் நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு ஆரம்பமானதும் மெட்ராஸ்லதான்.

லோக்கல் ரேடியோவுக்கு என்ன பலம் இருக்குன்னு தெரியணும்னா, தஞ்சாவூர் பக்கம் இருக்கிற பெரியவங்ககிட்ட ‘ரேடியோ நெல்’ பத்திக் கேட்டுப் பாருங்க. 1960-களின் பிற்பாதியில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தது. எப்போ நாத்து விடணும், எவ்வளவு உரம் போடணும்னு திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி விவசாயிகளுக்கு விடாம சொல்லிக்கொடுத்துச்சு. ரேடியோவுல கேட்டு நட்ட நெல்ங்கிறதால, ஜனங்க வச்ச பேரே ‘ரேடியோ நெல்’னு ஆகிப்போச்சு.

அது ஜெயிச்சதுக்குக் காரணம் சிம்பிள். யாருக்காகப் பேசுறோம்னு நிகழ்ச்சி நடத்தினவங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருந்தது. கேட்கிறவங்களோட நிலம், தண்ணி, பருவம், பேச்சுவழக்கு எல்லாம் அவங்களுக்குப் பழக்கம். விவசாயிகள் மாதிரியே தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் ஆல் இந்தியா ரேடியோ தனி நிகழ்ச்சிகள் வச்சிருந்தது.

அப்போ எஃப்.எம். ஏன் நம்மைப் பத்திப் பேசுறதில்லை?

மூணு காரணம் இருக்கு.

முதலாவது, லைசென்ஸ். தனியார் எஃப்.எம். அலைவரிசைகளை மத்திய அரசு நகரம் நகரமா ஏலம் விடுது. சென்னைக்குன்னு ஏலம் எடுத்தவர் சென்னைக்காகத்தான் நிகழ்ச்சி பண்ணுவார். நம்ம ஏரியாவுக்கு அந்த சிக்னல் வந்து சேர்றது ஒரு போனஸ், அவ்வளவுதான். புது நகரங்களுக்கும் ஏலம் வருது. 234 நகரங்கள்ல 730 சேனல்களை ஏலம் விட 2024 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. ஆனா ஒரு பெருநகரத்தோட சிக்னல் எல்லைக்குள்ளேயே இருக்கிற நம்மளை மாதிரி ஊர்கள் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்குது. சென்னைன்னும் கணக்கு இல்லை, தனி நகரம்னும் கணக்கு இல்லை.

ரெண்டாவது, பணம். விளம்பரதாரர் கேட்கிறது ‘எத்தனை பேர் கேட்கிறாங்க, அவங்க என்ன வாங்குவாங்க?’ங்கிற கேள்வியை. தி.நகர் நகைக்கடைக்கும் ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட்டுக்கும் விளம்பரம் கிடைக்கும். ஆறு பேரா ஒரு ரூம்ல தங்கி, மாசா மாசம் ஊருக்குப் பணம் அனுப்புற தொழிலாளி அந்தக் கணக்குல பெருசா வர்றதில்லை.

மூணாவது, சட்டம். இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமா செய்தி சொல்லக் கூடாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை அப்படியே வேணும்னா ஒலிபரப்பலாம். டி.வி.யில் 24 மணி நேரமும் செய்தி ஓடலாம், யூடியூப்ல யார் வேணும்னாலும் சொல்லலாம், ரேடியோவுல மட்டும் கூடாது. இதை எதிர்த்து ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அதனால 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாசத்துக்கும் மேல வேலைநிறுத்தம் பண்ணினப்பவும் சரி, பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் போராடுறப்பவும் சரி, எந்தத் தனியார் எஃப்.எம்.மும் ஸ்பாட்டுக்கு ஆள் அனுப்பி செய்தி சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்கணும். டிராஃபிக், வானிலை, கரன்ட் கட், தண்ணீர் சப்ளை, வேலைவாய்ப்பு, தேர்வு முடிவு, உள்ளூர் விழா, இயற்கைப் பேரிடர் எச்சரிக்கை... இதெல்லாம் விதிப்படி ‘செய்தி’ கணக்குல வராது. இவற்றைத் தாராளமா சொல்லலாம். யோசிச்சுப் பாருங்க, ஷிஃப்ட் போறவருக்கு தினமும் வேண்டியதுல முக்கால்வாசி இந்த லிஸ்ட்லதான் இருக்கு. சட்டம் தடுக்காத விஷயம்கூட நமக்குக் கிடைக்கலைன்னா, அதுக்கு முதல் ரெண்டு காரணங்கள்தான் பொறுப்பு.

பாட்டு கேட்கத்தானே... இதுல என்ன இருக்கு?

இருக்கு. 2021 டிசம்பர் மாசத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒண்ணுல சாப்பாடு ஒத்துக்காம பல பேருக்கு உடம்பு முடியாம போச்சு. 150-க்கும் மேற்பட்டவங்க ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாங்க. கூட வேலை பார்த்த தோழிகள் எங்கே இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு மத்தவங்களுக்குத் தெரியலை. சிலர் இறந்துட்டாங்கன்னு போன்ல வதந்தி பரவுச்சு. ராத்திரியோட ராத்திரியா பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துட்டாங்க. விடுதி நிலைமை மேல இருந்த கோபம் நியாயமானது; ஆலை சில வாரங்கள் மூடப்பட்டு, அதுக்கப்புறம்தான் திறந்துச்சு. ஆனா அந்த ராத்திரி, ‘உன் ஃப்ரெண்ட் உயிரோட இருக்கா’ங்கிற ஒரு தகவலை நம்பத் தகுந்த குரல்ல, எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்ல ஒரு வழி இருந்திருந்தா? அத்தனை பெண்கள் அவ்வளவு நேரம் அந்தப் பயத்தோட உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அடுத்தது 2023 மார்ச். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோக்கள் வட இந்தியா முழுக்க சுத்துச்சு. பீகார் அரசு இங்கே ஒரு குழுவையே அனுப்பி விசாரிச்சது. தமிழ்நாடு போலீஸ் இந்தியிலும் விளக்கம் கொடுக்க வேண்டியதா போச்சு. தமிழ் ரேடியோவில் எத்தனை தடவை மறுப்பு சொன்னாலும், போஜ்புரி பேசுற பையனுக்கு அது போய்ச் சேராது. அவனுக்கு ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி, ‘கிளம்பி வந்துடு’ன்னு அழறதுதான் கேட்கும்.

மூணாவது, மழை. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரி திறந்து, அடையாறு பொங்கினப்போ சென்னையிலும் சுத்துவட்டாரத்திலும் பல இடங்கள்ல செல்போன் டவர்கள் செத்துப் போச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்பவும் அதே கதைதான். நெட் போனா வாட்ஸ்அப் கிடையாது, ஓ.டி.டி. கிடையாது. ரேடியோவுக்கு நெட் தேவையில்லை. நிலையத்துல ஜெனரேட்டரும் உங்க கையில் பேட்டரியும் இருந்தா போதும். செம்பரம்பாக்கம் ஏரி நம்ம பக்கத்து ஏரிங்கிறதை மறந்துடாதீங்க.

சமுதாய வானொலி: குறைஞ்ச பவர், நெருக்கமான குரல்

இதுக்கு ஏற்கெனவே ஒரு தீர்வு இருக்கு. பேர் சமுதாய வானொலி, அதாவது கம்யூனிட்டி ரேடியோ. இதுலயும் தமிழ்நாடுதான் முன்னோடி. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ 90.4-ல் தொடங்கினப்போ, அதுதான் நாட்டின் முதல் கல்லூரி வளாக சமுதாய வானொலி. அப்போ கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த அனுமதி, 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைச்சது. 2024 தொடக்கத்துல நாடு முழுக்க 480-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன.

இதோட பவர் 100 வாட். சுமாரா 10 கி.மீ. சுற்றளவுக்கு நல்லா கேட்கும். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் 15 கி.மீ. அளவுதான். நடுவுல வல்லம் பக்கம் ஒரு டவர் நட்டா ரெண்டு பக்கமும் எட்டிடும். நிகழ்ச்சியில குறைஞ்சது பாதியை அந்தப் பகுதி மக்களே தயாரிக்கணும்ங்கிறது விதி. செய்தி விஷயத்துல தனியார் எஃப்.எம்.முக்கு இருக்கிற அதே கட்டுப்பாடு இதுக்கும் உண்டு. லாப நோக்கத்துல இயங்குற கம்பெனி, அரசியல் கட்சி, தனிநபர் யாரும் லைசென்ஸ் வாங்க முடியாது.

இது நடைமுறையில எப்படி இருக்கும்னு பார்க்க, பாம்பனுக்குப் போகலாம். 2016-ல் தொடங்கின ‘கடல் ஓசை’ 90.4, மீனவர்களுக்கான நிலையம். காத்து எப்படி, அலை எப்படி, கடலுக்குப் போகலாமா கூடாதாங்கிறது அங்கே ரொம்ப முக்கியமான நிகழ்ச்சி. சென்னையில் உட்கார்ந்துகிட்டு அதைப் பண்ண முடியாது.

நம்ம நிலைமைக்கு இன்னும் பக்கத்துல இருக்கிறது குர்கான். அதுவும் கார் கம்பெனி, ஏற்றுமதி கம்பெனி, வெளிமாநிலத் தொழிலாளர், பழைய கிராமம் எல்லாம் கலந்து கிடக்கிற ஊர். அங்கே 2009-ல் ‘குர்கான் கி ஆவாஸ்’ங்கிற சமுதாய வானொலி 107.8-ல் ஆரம்பமாச்சு. குர்கானின் குரல்னு அர்த்தம். உள்ளூர் ஹரியான்வி பாட்டும் வரும், பீகார்ல இருந்து வந்தவங்களுக்கு போஜ்புரி பாட்டும் வரும். கம்பெனி வாசல்ல நிக்கிற தொழிலாளியும், பக்கத்து கிராமத்துப் பெரியவரும் ஒரே நிலையத்துல பேசுவாங்க.

ஜப்பான்ல இன்னொரு உதாரணம் இருக்கு. 1995-ல் கோபே நகரத்துல பெரிய நிலநடுக்கம். நகாதா பகுதியில், செருப்பு ஆலைகளைச் சுத்தி கொரியர்களும் வியட்நாமியர்களும் நிறைய பேர் இருந்தாங்க. எங்கே தண்ணி கிடைக்கும், எங்கே தங்கலாம்னு வந்த ஜப்பானிய அறிவிப்பு அவங்கள்ல பலருக்குப் புரியலை. அதுக்காக அவங்க மொழிகள்ல தொடங்கின சின்னச் சின்ன ஒலிபரப்புகள்தான் ஒண்ணா சேர்ந்து, 1996 ஜனவரியில ‘எஃப்.எம். வைவை’ங்கிற பல மொழி வானொலியா மாறுச்சு. ஜப்பான் கம்பெனிகள் இவ்வளவு இருக்கிற நம்ம காரிடாருக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டிய பாடம்.

பொழுதுபோக்குக்கும் முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போர் நேரத்துல, 1941-ல் பி.பி.சி. ‘வொர்க்கர்ஸ் ப்ளேடைம்’னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சது. ஃபேக்டரி கேன்டீனுக்கே போய், சாப்பாட்டு நேரத்துல பாட்டும் காமெடியும் நடத்தி நேரடியா ஒலிபரப்புவாங்க. போர் முடிஞ்சும் நிக்காம 1964 வரை ஓடுச்சு. நம்ம கேன்டீன்கள்ல கானா பாடுற பசங்க எத்தனை பேர், ஒடியா நாட்டுப்புறப் பாட்டு பாடுற பொண்ணுங்க எத்தனை பேர்னு யாராவது மைக் நீட்டினாத்தானே தெரியும்?

டி.வி. கதை என்ன?

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கினப்போ, ‘வயலும் வாழ்வும்’ மாதிரி நிகழ்ச்சிகள்தான் அதோட அடையாளம். ‘எதிரொலி’யில பார்வையாளர்கள் போட்ட லெட்டரைப் படிச்சு பதில் சொல்வாங்க. இன்னிக்கு நாம ‘கமென்ட் செக்‌ஷன்’னு சொல்றோமே, அதுதான்! 1993-ல் சன் டி.வி. வந்ததும், தமிழ் டி.வி. பெரிய வியாபாரமா மாறுச்சு. அதே நேரத்துல தெருவுக்குத் தெரு கேபிள் ஆபரேட்டர்களோட லோக்கல் சேனலும் வளர்ந்துச்சு. கோயில் திருவிழா நேரலை, பள்ளி ஆண்டு விழா, கீழே ஓடுற ஜவுளிக்கடை விளம்பரம், போன் பண்ணி பாட்டு கேட்கிறதுன்னு ஊரே அதுல தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ல ராமானுஜர் உற்சவம்னா, வர முடியாத பாட்டி வீட்ல இருந்தே பார்க்கிற வழி அதுதான்.

2007-ல் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் உருவாச்சு. 2011-ல் மாசம் 70 ரூபாய் கட்டணத்தோட அது மறுபடி வேகமெடுத்தது. ஒளிபரப்பு டிஜிட்டல் ஆனப்போ செட்டாப் பாக்ஸ், மையக் கட்டுப்பாட்டு அறைன்னு எல்லாம் பெரிய நிறுவனங்கள் கைக்குப் போச்சு. 2022 நவம்பர்ல வந்த மத்திய அரசு விதிகள், லோக்கல் சேனல்களை ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’னு வகைப்படுத்தி, ஒவ்வொண்ணையும் பதிவு பண்ணணும், எண்ணிக்கைக்கு வரம்பு உண்டுன்னு சொல்லுது. லோக்கல் சேனல் நடத்த சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ரூம்ல தங்குற தொழிலாளிக்கு கேபிள் கனெக்‌ஷனே கிடையாது, கையில போன்தான். அதனால லோக்கல் டி.வி. இப்போ யூடியூபுக்குக் குடிமாறிடுச்சு. அங்கே கேமரா நிறைய இருக்கு. போடுறதுக்கு முன்னாடி சரிபார்க்கிற ஆள்தான் கம்மி.

போன் இங்கேதான் தயாராகுது... ரேடியோ எங்கே?

இதுல ஒரு வேடிக்கை உண்டு. நோக்கியா காலத்துல இருந்து போன் தயாரிக்கிற மண் இது. பழைய பட்டன் போன்கள்ல எஃப்.எம். ரொம்ப சகஜம். இயர்போன் ஒயரைச் சொருகினா அதுவே ஆன்டெனா. ஸ்மார்ட்போன் விலை ஏற ஏற எஃப்.எம். காணாம போச்சு. ஐபோன் 7, 8 மாடல்கள்ல எஃப்.எம். சிப்பும் கிடையாது, அதுக்கான ஆன்டெனாவும் கிடையாதுன்னு ஆப்பிளே 2017-ல் சொல்லிடுச்சு. 2023 ஏப்ரல்ல மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்ல எஃப்.எம். வசதி இருந்தா அதை முடக்கி வைக்காதீங்கன்னு தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனை அனுப்புச்சு. அவங்க சொன்ன காரணம், பேரிடர் நேரம். ஆலோசனைதான், கட்டாயச் சட்டம் இல்லை.

ஸ்மார்ட்போன் இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. சத்தீஸ்கர்ல ‘சி.ஜி. நெட் ஸ்வரா’, ஜார்க்கண்ட்ல ‘மொபைல் வாணி’ன்னு சேவைகள் வந்துச்சு. மிஸ்டு கால் கொடுத்தா, திரும்ப அழைப்பு வரும். உள்ளூர் தகவலைக் கேட்கலாம், நீங்களும் பேசிப் பதிவு பண்ணலாம். லைசென்ஸ் வேணாம், டவர் வேணாம். ஆனா நெட்வொர்க் இல்லாத புயல் ராத்திரிக்கு இது உதவாது. அதுக்கு ரேடியோதான்.

சரி, காசுக்கு எங்கே போறது?

நியாயமான கேள்வி. 2024 பிப்ரவரியில சமுதாய வானொலிக்கான விதிகளை மாத்தினாங்க. மணிக்கு 7 நிமிஷமா இருந்த விளம்பர நேரம் 12 நிமிஷம் ஆச்சு. அரசு விளம்பரக் கட்டணம் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாய் ஆச்சு. கணக்குப் போடுங்க. 12 நிமிஷமும் முழுசா நிரம்பினாக்கூட மணிக்கு 5,328 ரூபாய்தான். அவ்வளவு நிரம்பாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால பின்னாடி ஒரு கல்லூரியோ தொண்டு நிறுவனமோ நிக்காம இது ஓடாது.

நம்ம பக்கம் அது பெரிய தடையா இருக்கக் கூடாது. நெடுஞ்சாலை ஓரமா வரிசையா பொறியியல் கல்லூரிகள் இருக்கு. கல்லூரிக்கு லைசென்ஸ் தகுதி இருக்கு, இடம் இருக்கு, மைக் பிடிக்க ஆசைப்படுற மாணவர்கள் இருக்காங்க. லைசென்ஸ் வாங்க முடியாத கம்பெனிகள் விளம்பரம் கொடுக்கலாம். பஸ் நேரம், வேலைவாய்ப்பு, பாதுகாப்பு அறிவிப்பு எல்லாத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். ஆனா ஒரு எச்சரிக்கை. காசு கொடுக்கிற கம்பெனிக்குப் பிடிக்காததைப் பேச மாட்டோம்னு நிலையம் முடிவெடுத்த அன்னிக்கே, தொழிலாளி அதை ஆஃப் பண்ணிடுவார். விடுதிச் சாப்பாடு சரியில்லைன்னு ஒரு பொண்ணு போன் பண்ணி சொல்றதுக்கு அதுல இடம் இருக்கணும்.

நீங்க என்ன பண்ணலாம்?

• உங்க போன்ல எஃப்.எம். இருக்கான்னு இன்னிக்கே தேடிப் பாருங்க. இருந்தா, ஒயர் இயர்போன் ஒண்ணை பேக்ல போட்டு வைங்க. இல்லைன்னா மழைக்காலத்துக்கு பேட்டரியில ஓடுற சின்ன ரேடியோ ஒண்ணு ரூமுக்குப் பொதுவா வாங்கலாம். சென்னையில் ஆகாசவாணி எஃப்.எம். ரெயின்போ 101.4, கோல்ட் 102.3.

• ஆகாசவாணி நிலையங்களை ‘நியூஸ் ஆன் ஏர்’ ஆப்ல கேட்கலாம். உங்க சொந்த ஊர் நிலையமும் அதுல இருக்கான்னு பாருங்க. ரூம்மேட் ஒடிசாக்காரர்னா, அவருக்கும் காட்டுங்க.

• நீங்க கேட்கிற சென்னை எஃப்.எம்.முக்கு உங்க ரோடு பத்தி மெசேஜ் பண்ணுங்க. ‘ஒரகடம் ஜங்ஷன் ஜாம்’னு தினமும் பத்து பேர் அனுப்பினா, ஆர்.ஜே.வுக்கு அந்தப் பேர் பழகிடும்.

• வாட்ஸ்அப்ல பயமுறுத்துற வீடியோ வந்தா, எந்த ஊர், எந்தத் தேதின்னு அனுப்பினவரையே கேளுங்க. பதில் வரலைன்னா ஃபார்வர்டு பண்ணாதீங்க.

• நீங்க மாணவரா? உங்க கல்லூரியில சமுதாய வானொலி பத்தி எழுத்துல கேளுங்க. விண்ணப்பம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோட ‘பிராட்காஸ்ட் சேவா’ இணையதளம் வழியாத்தான். பல துறைகளோட அனுமதி வேணும்கிறதால நேரம் பிடிக்கும். இப்போ கேட்டா, உங்க ஜூனியர்கள் காலத்துலயாவது வல்லம் ரோட்ல தண்ணி நிக்குதா இல்லையான்னு தமிழ்லயும் இந்தியிலயும் சொல்ல ஒரு ஆள் இருப்பார்.